அந்தக் கடைசிக் காலையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்

அப்பா அம்மாவைக் கப்பல் பயணம் கூட்டிப்போகத் திட்டம் போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

சுபாங் ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. எங்கள் தாமான் புலனக் குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். யார் எந்தக் கப்பல், கிள்ளானிலிருந்தா சிங்கப்பூரிலிருந்தா, மூன்று இரவா நான்கு இரவா, பால்கனி வைத்த அறைக்கு எவ்வளவு வெள்ளி கூட. முந்தாநாள் ஒருவர் கேட்டிருந்தார்: "கடைசி நாள் காலையில சீக்கிரமா எறங்க என்ன வழி? ஜாம்ல மாட்டாம வீட்டுக்கு வந்துடணும்." பத்து நிமிடத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. பெட்டியை முதல் நாள் இரவு வெளியே வைக்காதீர்கள், நீங்களே இழுத்துக்கொண்டு போங்கள். ஆறு மணிக்கே வரிசையில் நில்லுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்காதீர்கள், படியில் இறங்குங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதையெல்லாம் அப்படியே செய்தோம். எண்பத்தொரு வயது அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தோம். அதனால்தான் இந்த மடல்.

உங்களில் பலரை எனக்குத் தெரியும். தெரியாதவர்களின் வீட்டு நிலவரமும் ஏறக்குறைய எங்கள் வீட்டைப் போலத்தான் இருக்கும். உங்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அப்பா தோட்டத்திலோ ரயில்வேயிலோ பொதுப்பணியிலோ உழைத்து ஓய்ந்தவர். விமானத்தில் அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. பேருந்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கப்பல் என்றால் ஒரே இடத்தில் படுக்கை, பக்கத்திலேயே கழிப்பறை, வேளாவேளைக்குச் சாப்பாடு. பெட்டியைக் கட்டவும் அவிழ்க்கவும் வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு இதைவிடத் தோதான பயணம் கிடையாது என்று முடிவு செய்து, மாதாமாதம் மிச்சம் பிடித்து டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் பேச வந்தது கடைசி நாள் காலையின் மூன்று மணி நேரத்தைப் பற்றி மட்டும்.

அம்மா 1951-ல் ஒன்பது வயதில் ராஜுலா கப்பலில் இங்கே வந்தவர். தாத்தா அதற்கு முன்பே வந்து ரப்பர் தோட்டத்தில் வேலையில் இருந்தார். பாட்டி அம்மாவையும் ஒரு தகரப் பெட்டியையும் ஒரு பித்தளைச் செம்பையும் எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பெரிய கப்பல் கரைக்கு வராது. தள்ளிக் கடலில் நிற்கும். படகில் கொண்டுபோய்த்தான் ஏற்றுவார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் பாட்டி செம்பை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அம்மா இன்றைக்கும் செய்து காட்டுவார்.

ராஜுலாவின் பெயர் உங்கள் வீட்டிலும் அடிபட்டிருக்கும். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று, போர்க்காலம் நீங்கலாக, 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. எட்டாயிரத்துச் சொச்சம் டன். அந்த உடம்புக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ளத் தொடக்கத்தில் அனுமதி கொடுத்திருந்தார்கள். நம் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து பயணம் போன ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் கப்பல் 168,000 டன்னுக்கு மேல். அறைக்கு இருவர் என்ற கணக்கில் அதில் சுமார் 4,200 பேர். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார் ஒரு வாரம் எவ்வளவு இடத்தில் காலை மடக்கிப் படுத்து வந்தார்கள் என்பது புரியும். டெக்கில் பாய் விரித்த இடம்தான் அவர்களுக்கு வீடு.

வந்து சேர்ந்த காலையை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். விடிகிற நேரம். இரண்டு பக்கமும் பச்சையாய், வேர் வெளியே தெரிகிற மரங்கள். பாக்காவ் மரம் என்ற பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். நடுவில் கப்பல் மெல்ல ஊர்ந்து போகிறது. டெக்கில் இருந்த எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் பேசவில்லையாம். கப்பல் நின்ற பிறகு மேலே கேபின் எடுத்து வந்தவர்கள் முதலில் இறங்கிப் போனார்கள். டெக்கில் வந்தவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். ஒருவர் வந்து எல்லோருடைய சட்டைக் கையையும் தூக்கி அம்மைத் தடுப்பூசித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். வெயில் ஏறி, தண்ணீர் தீர்ந்து, கடைசியில் இறங்கியபோது சாயங்காலம். கரையில் காலையிலிருந்து நின்ற தாத்தாவை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரோ ஒருத்தர் என்னைத் தூக்கிட்டாரு, நான் கத்திட்டேன்" என்பார்.

அம்மா வந்து இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியா தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது; துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நீரை வடியவைத்துக் கொசுவைக் கட்டுப்படுத்திய பிறகுதான் அது நிலைத்தது. 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. ராஜுலாவுக்குப் பின் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1984-ல் அதில் தீப்பிடித்தது. தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தும் அதோடு முடிந்தது. 1990-களில் ஸ்டார் குரூஸ் நிறுவனம் வந்து பூலாவ் இண்டாவில் முனையம் கட்டியபோது, கிள்ளான் கடலில் பயணிகள் கப்பல் என்றால் உல்லாசக் கப்பல் என்று ஆகிவிட்டது. பூலாவ் இண்டா என்பது, முன்பு பூலாவ் லூமுட் என்று சொல்வோமே, அதே தீவுதான். இதற்கிடையில் அம்மா தோட்டத்தில் வளர்ந்தார், தோட்டத்திலேயே கல்யாணம் ஆனது. சீபீல்டு தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டிச் சுபாங் ஜெயா எழுந்த பிறகு எங்களோடு இங்கே வந்தார். கடல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லை. ஆனாலும் 1951-க்குப் பிறகு அவர் கப்பலில் ஏறவே இல்லை.

அதனால் நாங்கள் கூப்பிட்டபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "திரும்பி வர்றப்ப, கப்பல் உள்ள நுழையறப்ப, நான் மேல நின்னு பாக்கணும்மா." நான் "அதுக்கென்னம்மா, பாக்கலாம்" என்றேன்.

மூன்று நாளும் நன்றாகத்தான் போயின. அம்மா தோசை கேட்டார், கிடைத்தது. இரவில் பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினார். கடைசி இரவு, நம் குழுவில் இப்போது சொல்கிறார்களே, அதே யோசனையை யாரோ என் தம்பிக்குச் சொன்னார்கள். பெட்டிக்கு அட்டை கட்டி வாசலில் வைத்தால் கீழே கூடத்தில் போய்த் தேட வேண்டும், அட்டையின் நிறத்துக்கான முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நாமே தூக்கிக்கொண்டு இறங்கினால் முதல் கூட்டத்தோடு போய்விடலாம். மறுநாள் தம்பிக்கு வேலை. எனக்கும் வீட்டைப் பற்றிய கவலை. சரி என்றோம்.

காலை ஐந்தரைக்கு அம்மாவை எழுப்பினோம். வழக்கம்போல ஆறு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக் கூடம் இன்னும் திறக்கவில்லை. வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். ஆறு பெட்டி, அம்மாவின் கைப்பை, வழியில் புக்கெட்டில் இறங்கியபோது அவர் வாங்கிய முந்திரிப் பை. மின்தூக்கி மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் நிறைந்து வந்தது. எங்களைப் போலவே யோசித்தவர்கள் எல்லாத் தளத்திலும் இருந்தார்கள். "படியில போயிடலாம், ஆறு மாடிதானே" என்றான் தம்பி.

மூன்று மாடி இறங்கினார் அம்மா. வலது கை கம்பியில், இடது கையில் முந்திரிப் பை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் அடுத்த படி. பின்னால் வந்தவர்களின் பெட்டிச் சக்கரம் படிக்குப் படி டொக் டொக் என்று இடித்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் நெருங்க நெருங்க அம்மா வேகமாக இறங்கப் பார்த்தார். எட்டாம் தளத்துத் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சு குழறியது. கழுத்தைத் தொட்டேன், சில்லென்று ஈரமாக இருந்தது. விரல்கள் நடுங்கின. மாத்திரை வேலை செய்துவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை. இனிப்பு மிட்டாய் வைத்திருந்த சின்னப் பை எந்தப் பெட்டிக்குள் போனது என்று எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இறங்குகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு முன் நானும் அவர்களில் ஒருத்திதான்.

கப்பல் ஊழியர் ஒருவர் ஓடி வந்தார். தூத்துக்குடிப் பையன். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். ஆரஞ்சுச் சாற்றைக் கொண்டுவந்து, "பாட்டி, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்று குவளையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாற்காலியும் கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கண் தெளிந்ததும் ஊழியர்கள் பயன்படுத்தும் மின்தூக்கியில் எங்களைக் கீழே கொண்டுபோய், சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, முனையத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து விட்டார். அவருக்கு அன்று எத்தனை அறை சுத்தம் பண்ண வேண்டியிருந்ததோ தெரியாது. நாங்கள் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்.

கூடத்தில் பிஸ்கட்டும் தேநீரும் வாங்கிக் கொடுத்தோம். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "துறைமுகம் வந்திருச்சா?"

"வந்தாச்சும்மா. நாம எறங்கிட்டோம்."

கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். கப்பலின் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. "ஓ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வண்டியிலும் சொல்லவில்லை. கெசாஸ் நெடுஞ்சாலையில் ஜாம் இல்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா படுத்துத் தூங்கிவிட்டார். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு சீக்கிரம் வந்து செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

பிள்ளைகளே, அந்தக் காலையில் கப்பலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தால் நாங்கள் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டோம். கப்பல் கரையைத் தொட்டதும் கதவு திறந்துவிடாது. துறைமுகச் சுகாதாரத் துறையும் குடிநுழைவுத் துறையும் சுங்கத் துறையும் சரி என்று சொல்ல வேண்டும். வேற்று நாட்டிலிருந்து வரும் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி, "என் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கொடுங்கள்" என்று கேட்பது பழைய கடல் வழக்கம். அம்மாவின் கையைத் தூக்கித் தழும்பு பார்த்ததும் இதே அனுமதிக்காகத்தான். இன்று இதெல்லாம் பெரும்பாலும் தாளிலும் கணினியிலும் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. ஆனாலும் அனுமதி வரும்வரை ஒருவரும் இறங்க முடியாது. ஐந்தே முக்காலுக்கு நீங்கள் வரிசையில் நின்றாலும் உங்களுக்காகக் கதவு முன்னதாகத் திறக்கப்போவதில்லை. அந்த நேரம் முழுவதும், சன்னல் இல்லாத நடைவழியில், பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உட்கார இடமில்லாமல் பெரியவர்கள் நிற்கிறார்கள். வயதான உடம்புக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை. அதிக நேரம் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சுற்றும்.

இன்னொரு விஷயம் வெளிச்சம். கிள்ளானில் டிசம்பர் மாதம் சூரியன் எழுவதற்கு ஏழு மணி தாண்டிவிடும். ஆறரைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இருட்டில் நிற்கிறார்கள். கடல் வெளுத்து, தீவுகள் தெரிந்து, துறைமுகத்துத் தூக்கிகள் ஒவ்வொன்றாக உருவம் எடுக்கிற நேரத்தில் அவர்கள் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிறார்கள். பயணத்தில் பார்க்க வேண்டிய கடைசிக் காட்சி இது என்பது என் எண்ணம். டிக்கெட்டில் இதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறோம்.

சீக்கிரம் இறங்குவது என்றால் உங்கள் சாமான் முழுவதையும் உங்கள் கையால் தூக்கிக்கொண்டு, கப்பலிலிருந்து முனையம் வரை இறங்கிப் போக முடியும் என்று நீங்கள் கொடுக்கிற வாக்கு. முதலில் இறங்கும் கூட்டத்தை அதற்காகத்தான் தனியாகப் பிரிக்கிறார்கள். இறங்குபாலம் எப்போதும் ஒரே சாய்வில் இருக்காது. கிள்ளான் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். கப்பலும் கூடவே ஏறி இறங்கும். பாலத்தின் சரிவும் மாறும். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அம்மா என்று அந்தச் சரிவில் இறங்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? குடும்பத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த யோசனை எங்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. முழங்கால் நன்றாக இருக்கிற ஒருவரோ இருவரோ முதல் கூட்டத்தோடு இறங்கிப் போய் வண்டியைக் கொண்டுவந்து வைக்கட்டும். மறுநாள் வேலை இருக்கிறவர் போகட்டும். விமானம் பிடிக்க வேண்டியவர், கைக்குழந்தைக்குப் பால் தீர்ந்துபோன தாய், இவர்களுக்கெல்லாம் சீக்கிரம் இறங்குவது தேவைதான். அவர்களுக்கு வழி விடுங்கள். மற்றவர்கள் பெட்டிக்கு அட்டை கட்டி முதல் நாள் இரவே வாசலில் வைத்துவிடலாம். ஊழியர்கள் இரவோடு இரவாகக் கீழே கொண்டுபோய், காலையில் முனையக் கூடத்தில் நிறவாரியாக அடுக்கி வைப்பார்கள். அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், ஏனென்றால் அன்று மாலையே அதில் வேறு குடும்பம் ஏறப்போகிறது. ஆனால் கப்பலைக் காலி செய்ய இன்னும் நேரம் இருக்கும். திறந்த தளத்தில் நாற்காலிகள் கிடக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் காலை உணவு இருக்கும், கடைசி அழைப்பு வரும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

பெட்டியை வெளியே வைக்கும் முன் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அம்மாவின் காலை மாத்திரை, இன்சுலின் இருந்தால் அது, மிட்டாய் நாலைந்து, மூக்குக்கண்ணாடி, பல்செட், சால்வை, மாற்றுடுப்பு ஒன்று, கடப்பிதழ், மைகாட், வீட்டுச் சாவி. இவை அம்மாவின் தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும். இரவு உடையோடு பெட்டியைப் பூட்டி அனுப்பிவிட்டு, மறுநாள் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில கப்பல்களில் ஏறும்போதே கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எப்போது, எந்தத் தளத்தில் திருப்பித் தருவார்கள் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். அறைக் கணக்கையும் முந்தின இரவே பார்த்துத் தீர்த்துவிடுங்கள். காலையில் அந்த வரிசையிலும் நிற்கத் தேவையில்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள். நம் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். "எனக்கு எதுக்கு, நான் நடப்பேன்" என்பார்கள். தோட்டத்தில் முப்பது வருடம் நடந்த கால், சக்கர நாற்காலியை அவமானமாக நினைக்கிறது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரையைச் சாப்பாடு கண்ணில் பட்ட பிறகு கொடுங்கள். இதை நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் தகும்.

சிங்கப்பூரில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே முனையம் இரண்டு: ஹார்பர்பிரண்டில் ஒன்று, மரினா பேயில் ஒன்று. வண்டிக்காரரிடம் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். மரினா பே முனையத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் மரினா சவுத் பியர். இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையைக் கைப்பேசியில் பூர்த்தி செய்ய வேண்டும். அப்பா அம்மாவுக்கும் சேர்த்து நீங்களே செய்துவிடுங்கள். அதே நாளில் சாங்கியிலிருந்து விமானம் என்றால் மதியத்துக்குப் பிறகு எடுங்கள். காலை விமானம் எடுத்துவிட்டு, அதற்காக எண்பது வயதுக்காரரை ஓட வைக்காதீர்கள். கிள்ளானில் இறங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சுபாங் ஜெயாவிலிருந்து போகிற கேடிஎம் ரயில் பெலாபுஹான் கிள்ளான் வரைதான் போகும். உல்லாசக் கப்பல் முனையம் பூலாவ் இண்டா தீவில் இருக்கிறது, ரயில் கிடையாது. வண்டிதான். எல்லோரும் ஒரே நேரத்தில் கிரேப் கேட்டால் கிடைக்க நேரமாகும். முன்னால் போன பிள்ளை வண்டியோடு நின்றால் இந்தக் கவலையும் இல்லை.

கப்பலில் வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தமிழ்நாடு, கோவா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். நமக்குப் பயணம் முடிகிற காலை அவர்களுக்கு வாரத்திலேயே கடினமான காலை. சில மணி நேரத்தில் எல்லாப் படுக்கையையும் உரித்து, துவைத்ததை விரித்து, குளியலறை கழுவி, அடுத்த ஆயிரக்கணக்கானவர்களை வரவேற்கச் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். நாம் உறவுக்காரர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டாலும் "போயிட்டு வர்றோம்" என்று சொல்லாமல் செருப்பை மாட்டுவதில்லை. மூன்று நாள் நம் படுக்கையை விரித்தவரிடம் மட்டும் ஏன் சொல்லாமல் ஓடுகிறோம்? முந்தின இரவே அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். கையில் கொடுக்க நினைப்பதையும் அப்போதே கொடுங்கள். காலையில் அவரைப் பிடிக்க முடியாது.

அந்தத் தூத்துக்குடிப் பையனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. பெயர் அட்டை மாட்டியிருந்தார். நான் படிக்கவில்லை.

ஊருக்கு வந்து சில வாரம் கழித்து அம்மாவை வண்டியில் போர்ட் கிள்ளானுக்குக் கூட்டிப் போனேன். கேடிஎம் நிலையத்துக்குப் பக்கத்தில் பூலாவ் கெத்தாமுக்குப் படகு போகும் துறை இருக்கிறதே, அங்கே. பழைய துறைமுகம் அந்தப் பக்கம்தான். நண்டு வாசமும் டீசல் வாசமும். எதிர்க்கரையில் பச்சை. ஒரு பெரிய கொள்கலன் கப்பல் மெல்லப் போனது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இதுதாம்மா போர்ட் சுவெட்டன்ஹாம்" என்றேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இங்கேருந்து பாத்தா தெரியலையே. தண்ணியிலேருந்து வந்தாத்தான் தெரியும்."

அது எனக்கு அதுவரை தோன்றவில்லை. அவர் பார்க்க விரும்பியது துறைமுகத்தை இல்லை. ஒன்பது வயதில் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்த்தாரே, கரை தம்மை நோக்கி நெருங்கி வருவதை, அதைத்தான். வண்டியில் கூட்டிப் போய் அதைக் காட்ட முடியாது. எங்கள் கைக்கு வந்திருந்த ஒரே வாய்ப்பு அந்தக் காலை. நாங்கள் அதைப் படிக்கட்டில் தொலைத்துவிட்டோம்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ ராஜுலாவில் வராதவர்களாக இருக்கலாம், இங்கேயே பிறந்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்கும் கடைசிக் காலையில் ஏதாவது ஒன்று இருக்கும். இன்னொரு கோப்பைக் காப்பி, கடலைப் பார்த்து ஒரு கும்பிடு, பழகிப்போன பக்கத்து அறைப் பாட்டியிடம் தொலைபேசி எண். முந்தின நாள் கேளுங்கள். "உங்களுக்குக் காலையில என்ன செய்யணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கைப்பேசியைக் கீழே வையுங்கள். முதலில் "ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்வார்கள். இன்னொரு தரம் கேளுங்கள்.

இந்த டிசம்பரில் நாங்கள் மறுபடியும் போகிறோம். அம்மாவுக்கு எண்பத்துமூன்று. தம்பி மகன் எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு முதல் கூட்டத்தில் இறங்குவான். பத்தொன்பது வயது, அவனால் முடியும். தம்பி மறுநாளும் விடுப்பு எடுத்திருக்கிறான். கப்பல் எத்தனை மணிக்குத் துறைமுக வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டு கால்வாய்க்குள் நுழையும் என்று முந்தின இரவே கேட்டு வைத்துக்கொள்ளப் போகிறேன். அம்மா இப்போதே சால்வையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார். நேற்று சாயங்காலம் கேட்டார், கப்பலுக்கு எந்தப் பக்கம் வலது, எந்தப் பக்கம் இடது என்று. எந்தப் பக்கம் நின்றால் கரை முதலில் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

அன்புடன்,
சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு மகள்